ஃபைல் இல்லாவிட்டால் சும்மா இருக்கும்

மன்னித்துக்கொள்ளுங்கள், இதுதான் கடைசி. தாராபுரத்திலிருந்து நானும் போன் போட்டுக்கொண்டே வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் தொல்லை. ரிங் போகிறது, எடுக்கவில்லை. எடுப்பாள். கைவேலையாக இருப்பாள். இனிக் கோவில்பட்டி போய்ச் சேரும்வரை போட மாட்டேன். இதோ, பைக்குள் வைத்துவிட்டேன்.

நீங்கள் நாகர்கோவிலா? நல்லது, நிதானமாகப் போகலாம்.

மகள் என்றா நினைத்தீர்கள்? மகள் இல்லை. என்னிடம் வேலை பார்த்த பெண். செண்பகவல்லி என்று பெயர். அப்பா அங்கே தீப்பெட்டி ஆபீஸில் இருக்கிறார். வீடு தெரியாது, விசாரித்துப் போய்விடலாம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஆப்பிள் வாங்கியிருக்கிறேன், மேலே வைத்திருக்கிறேன். பை உங்கள் தலைக்கு நேராக இருக்கிறது, விழாது, கட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை திருப்பூரில் ஒரு விசாரணை. அதில் அந்தப் பெண் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தால் நான் வீட்டுக்குப் போவேன். சொன்னால் ஜெயிலுக்குப் போவேன். அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் போகிறேன். பொய் சொல்லு என்று கேட்கப் போவதில்லை. அந்த மாதிரி ஆள் நானில்லை. சும்மா இரு என்றுதான் கேட்கப் போகிறேன். சும்மா இருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். ஈஸ்வரமூர்த்தி எழுதினால் நிற்காது ஓடும் என்று திருப்பூரில் பெயர். குழந்தைவேலு என்று ஒருவர், என் முதலாளி, சாயப்பட்டறைகளுக்கு மோட்டார், பம்ப் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிறவர். என்னைக் கூட்டிக்கொண்டு போய், “மூர்த்தி, இனி பேனலுக்குள்ள புரோகிராம் வேணுங்கறாங்க, நீ வந்துரு” என்றார். போனேன். அது ஆகிவிட்டது பல வருஷம்.

சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டி பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பதே நல்லது. தண்ணீர் ஓடாமல் நின்றால் அடியில் சேறு படியும், அதிலிருந்து விஷவாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அதிகமானால் நாற்றமே தெரியாது. மூக்கு செத்துப்போகும். மூக்கு சொல்லவில்லையே என்று இறங்கினால் ஆள் வரமாட்டான். அதற்காகத் தொட்டியில் வாயுவை அளக்க ஒரு மானி வைப்பது. வாயு ஓர் அளவைத் தாண்டினால் சைரன் அடிக்கும். மானி வெளியில் வாங்குவது. அது சொல்வதைக் கேட்டுச் சைரனை அடிக்கிற புரோகிராம் என்னுடையது.

எந்த அளவைத் தாண்டினால் அடிக்க வேண்டும், யாருக்கு மெசேஜ் போக வேண்டும், இதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். அதைப் புரோகிராமுக்குள் எழுதினால் ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் பிரிக்க வேண்டும். அதனால் தனியாக ஒரு சின்ன ஃபைல். செட்டிங்ஸ் ஃபைல். ‘அளவு பத்து’ என்று அதில் எழுதி வைத்தால், புரோகிராம் எழுந்ததும் அதைப் படித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். புரிகிறதல்லவா? கடைக்குப் போகிறவன் கையில் கொடுக்கிற சீட்டு மாதிரி.

சரி, ஃபைல் கிடைக்கவில்லை என்றால்? அதற்குப் புரோகிராமுக்குள்ளேயே ஒரு அளவு எழுதி வைத்திருப்போம். சீட்டு தொலைந்துபோனால் இதை வாங்கிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்புவதில்லையா, அப்படி. நான் எழுதி வைத்தது ஐந்நூறு.

ஐந்நூறு ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஆபீஸ் மாடியில். பக்கத்து போர்ஷனில் பல் டாக்டர். மேஜைமேல் சும்மா கிடக்கிற மானி கண்டபடி எண் காட்டும், சைரன் அடிக்கும். ஒருநாள் அந்த டாக்டர் ஊசியும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். “நான் ஒருத்தரோட வாய்க்குள்ள கைய உட்டுட்டு இருக்கறனுங்க. நீங்க சைரன் அடிச்சா அவரு கடிச்சுப்போடறாரு” என்றார். ஆபீஸே சிரித்தது. செண்பகவல்லிகூடச் சிரித்தாள். அன்றைக்குத்தான் ஐந்நூறு என்று மாற்றினேன். எப்படியும் பட்டறையில் ஃபைல் இருக்கப் போகிறது. ஃபைலில் பத்து இருக்கப் போகிறது. உள்ளே எழுதியிருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா? தக்காளி நாற்றம் அடிக்கிறது. ஜன்னலை மூட வேண்டாம், இருக்கட்டும். எனக்கு இப்போதெல்லாம் மூடின இடம் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் ஒன்றும் இல்லை, வயதாகிறது.

செண்பகவல்லி இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவள். சோதனை எழுத என்றே அவளை எடுத்தோம். சோதனை என்றால், புரோகிராமின் ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்துக் கேள்வி கேட்பது. ஒரு போலி ஃபைலைக் கொடுப்பது. இதில் பத்து என்று எழுதியிருக்கிறது, நீ என்ன படித்தாய்? பத்து என்றால் பச்சை. வேறு ஏதாவது சொன்னால் சிவப்பு. அவ்வளவுதான். செட்டிங்ஸ் படிக்கிற அந்த ஒரு துண்டுக்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால், அளவு பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால், போன் நம்பர் காலியாக இருந்தால். நல்ல பெண். மெதுவாகப் பேசுவாள், ஆனால் விடமாட்டாள். எல்லாம் பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு.

அந்தச் சோதனைக்கு அவள் வைத்த பெயர், ‘ஃபைல் இல்லாவிட்டால் சைரன் அடிக்க வேண்டும்’. இங்கிலீஷில்தான் எழுதியிருந்தாள், நான் தமிழில் சொல்கிறேன். என் புரோகிராம் அடிக்கவில்லை. ஐந்நூறை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தது. சிவப்பு.

“ஏம்மா, ஃபைல் எப்படி இல்லாமப் போகும்? நான்தானே கொண்டுபோய் வெக்கறேன்?” என்றேன்.

“வெச்ச ஃபைலு தொலையாதா சார்? டிஸ்க்கு போகலாம். யாராவது அழிக்கலாம்.”

“யாரு அழிப்பாங்க? பட்டறைல கம்ப்யூட்டரைத் தொட ஆளே இல்லை.”

“அப்ப இந்த டெஸ்ட்டே எதுக்கு சார்? ஃபைல் இருக்கறப்ப படிக்குதான்னு மட்டும் கேட்டா, நமக்கு நாமளே மார்க் போட்டுக்கிட்ட மாதிரில்லா இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு அது சொல்லணும் சார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கு.”

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். சும்மா சும்மா கத்தினால் பட்டறைக்காரன் ஒயரைப் பிடுங்கிவிடுவான், அது உனக்குத் தெரியாது, நான் எத்தனை பட்டறை பார்த்தவன் என்றேன். அது உண்மைதான், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள். சத்தமில்லாமல் ஓடுவதுதான் நல்ல புரோகிராம்.

அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, “கரண்ட் போயி வந்தா சார்?” என்றாள்.

“யூபிஎஸ் இருக்குது.”

அதற்குமேல் பேசவில்லை. ஒத்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்.

இரண்டு நாள் அந்தச் சிவப்பு அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் குழந்தைவேலு வந்தார். சட்டை நனைந்திருந்தது. இந்தப் புரோகிராம் போகிற பட்டறைக்கு மறுநாள் ஆடிட். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்புகிறான், தொட்டியில் வாயு எச்சரிக்கை வைத்திருக்கிறாயா, அதைச் சோதித்தாயா, காட்டு என்று. காட்டினால்தான் ஆர்டர். பட்டறைக்காரருக்கு ஆர்டர் போனால் எங்களுக்கும் போச்சு. முதலாளி என் திரையைக் குனிந்து பார்த்தார்.

“இதென்ன மூர்த்தி, செவப்பா ஒண்ணு?”

“அது ஒண்ணுமில்லீங்க. நடக்காத விஷயத்துக்கு ஒரு டெஸ்ட்டு.”

“நடக்காததுக்கு எதுக்கு செவப்பு? அந்த ஆடிட்காரன், தாடிக்காரன், பேனாவ எடுத்துச் சுழிச்சுப்போடுவான். எனக்குப் பூராவும் பச்சையா வேணும். எப்படிப் பண்ணுவீங்களோ.”

புரோகிராமை மாற்றலாம்தான். மாற்றினால் சைரன் அடிக்கிற துண்டை மறுபடி எழுத வேண்டும், மறுபடி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரம் எங்கே? அதுவுமில்லாமல் புரோகிராமில் தவறு இருந்தால்தானே மாற்றுவது. நான் எழுதினபடி அது ஓடுகிறது. ஐந்நூறை எடு என்று எழுதினேன், எடுக்கிறது. அப்படியானால் தவறு எங்கே? சோதனையில். சோதனை வேறு விடையை எதிர்பார்க்கிறது. எதிர்பார்க்கிற விடையைத் திருத்தினால் சரியாகிவிடும். திருத்தச் சொன்னேன். ஒரு வரி.

செண்பகவல்லி உட்கார்ந்தே இருந்தாள். டீ வந்தது, அவள் தொடவில்லை, ஆடை கட்டிப்போயிற்று.

“சார், உங்க லாகின்ல நீங்களே மாத்திருதீங்களா?” என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெண் கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறாள், நான் போய் என் பெயரைப் போட்டுக்கொள்வதா? “உன் டெஸ்ட்டும்மா. உன் பேர்லயே இருக்கட்டும். பேரு உனக்குத்தான் வரணும்” என்றேன். அந்த மாதிரி நான் யாருடைய உழைப்பையும் எடுத்துக்கொண்டதில்லை. யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும், அதில் அவள் பெயர்தான் இருக்கிறது. நான் சொன்னது எதிலும் இல்லை. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். முதலாளிகூட அப்போது கீழே போய்விட்டார்.

மாற்றினாள். சோதனையின் பெயரையும் மாற்றினாள். ‘ஃபைல் இல்லாவிட்டால் சும்மா இருக்கும்’. அதைப் படித்துவிட்டு, நல்ல பெயர், நடப்பதை அப்படியே சொல்கிறது என்று பாராட்டினேன். பட்டனைத் தட்டினேன். மேலிருந்து கீழ் வரைக்கும் பச்சை. எங்கள் ஊர்ப் பக்கம் மழைக்கு அப்புறம் சோளக்காடு நிற்குமே, அப்படி. முதலாளி என் தோளைத் தட்டினார். பிரிண்ட் எடுத்து அட்டை போட்டு ஆடிட்காரனுக்குக் கொடுத்தோம். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். அந்த வரியும் அதில் இருக்கிறது, கண்ணுக்கு நேராக. அவனும் கேட்கவில்லை, பட்டறைக்காரரும் கேட்கவில்லை. எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பிடித்தால் எப்படி?

திண்டுக்கல்லில் இறங்கி டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா. நானும் இறங்கவில்லை. இறங்கினால் சீட்டு போய்விடும்.

எங்கே விட்டேன்? ஆடிட். அதற்கப்புறம் மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஓடினது. சைரன்கூட இரண்டு தடவை அடித்து ஆட்களை நிறுத்தியிருக்கிறது. அதை யாரும் விசாரணையில் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் சென்னியப்பன். பம்ப் ஆபரேட்டர். அவர் அந்தச் சைரனுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார், மாமியா. “மாமியா சத்தம் போடலீங்க, எறங்கலாம்” என்பாராம். எனக்குப் பிறகுதான் தெரியும். நான் போனபோது ஒருதரம் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் நிறுத்துவார்கள், உங்கள் ஊரிலும் உண்டல்லவா? அன்றைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். பட்டறையில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் சாய மெஷினுக்கு மட்டும். தொட்டிக்கும் கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்கும் இணைப்பு கொடுக்கவில்லை. டீசல் மிச்சம். தொட்டியில் காற்று ஊதுகிற மோட்டார் பகல் பூராவும் நின்றது. சேறு படிந்தது, வாயு கட்டியது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுப் படுத்துவிட்டது. கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது.

சாயந்திரம் வெயில் இறங்குவதற்கு முன்னால் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. புரோகிராமும் தானாக எழுந்தது, அப்படி எழ வேண்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் பாருங்கள், கம்ப்யூட்டருக்குள் ஃபோல்டர்கள் வீட்டு அறைகள் மாதிரி இருக்கும். நான் கையால் கிளப்பினால் புரோகிராம் அதன் சொந்த அறையில் எழும், ஃபைல் பக்கத்திலேயே இருக்கும். தானாக எழுந்தால் அது எழுகிற அறை வேறு. பக்கத்தில் தேடியிருக்கிறது. ஃபைல் இல்லை. ஃபைல் இருந்தது, அடுத்த அறையில், வைத்த இடத்தில், ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. போலீஸ் எடுத்துப் பார்த்தபோதும் அதில் பத்து என்றுதான் இருந்தது. என் ஃபைலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

அதனால் ஐந்நூறை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. திரையில் பச்சைப் புள்ளி, ‘இயங்குகிறது’ என்று. இயங்கத்தான் செய்தது.

பம்ப் சேற்றில் அடைத்துக்கொண்டது. சென்னியப்பன் திரையைப் பார்த்திருக்கிறார். சைரனுக்குக் காது கொடுத்திருக்கிறார். இறங்கியிருக்கிறார். வாயு முந்நூறு சொச்சம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஐந்நூறைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் நிச்சயமாக அடித்திருக்கும், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவர் மேலே வரவில்லை என்று இன்னொரு ஆள் இறங்கினார். வடக்கத்தி ஆள். பெயர் சொன்னார்கள், எனக்கு வாயில் நிற்கவில்லை. அவருக்கும் அப்படியே.

தண்ணீர் குடிக்கிறீர்களா? பாட்டில் புதிதுதான், வாய் வைக்கவில்லை.

சென்னியப்பன் வீட்டுக்கு நான் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை, மனுஷன் என்றால் போக வேண்டுமல்லவா. முதலாளி போகவில்லை, பட்டறைக்காரர் ஆள் மூலம் ஏதோ கொடுத்தனுப்பினார். நான் போனேன். அவர் சம்சாரம் பழனாத்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. யாரோ என்னைக் காட்டி, “இவருதான் அந்த மிஷினுக்கு ஆளு” என்றார்கள்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. “அது கத்துலைனா பயமில்லைன்னு சொல்லுவாருங்க. கத்துலைன்னுதானுங்க எறங்குனாரு. அது ஏனுங்க கத்துல?” என்றது.

நான் புரியும்படி சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொன்னேன் அல்லவா, அதே மாதிரி. ஃபைல், அறை, தேடினது, கிடைக்காதது எல்லாம் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டி இந்த அறை, அந்த அறை என்று காட்டினேன். அந்தம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டது. திட்டவில்லை. சாபம் விடவில்லை. வேறு யாராவதாக இருந்தால் மண்ணை வாரி எறிந்திருப்பார்கள். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், காபி ஏதும் வரவில்லை, பழத்தை வைத்துவிட்டு வந்தேன். மன்னித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இதை வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் அம்சவேணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள செவப்புன்னு சொன்னப்பவே நீங்க கேட்டிருக்கலாமல்லங்க” என்றாள். ஒன்றுமறியாதவள். அடுத்த வாரம் உடுமலைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு சீர் இருந்தது. சீர் முடிந்துவிட்டது, இருந்துவிட்டு வரட்டும் என்று விட்டிருக்கிறேன். போன் போட்டால் அண்ணன் மகள்தான் எடுக்கிறாள், அத்தை குளிக்கிறாள் என்கிறாள். என்மேல் கோபம் என்றால் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துவிடுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அண்ணன் பிள்ளைகள்மேல் உயிர்.

மாட்டுத்தாவணியில் இவ்வளவு கூட்டமா. சரி, கிளப்பிவிட்டான்.

என் ஆற்றாமை என்ன என்று கேளுங்கள். போலீஸ் வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனது. அதில் இருக்கிறது, இந்த வரியை இன்ன தேதியில் செண்பகவல்லி மாற்றினாள் என்று. முதலில் சிவப்பாக இருந்தது, அப்புறம் பச்சை ஆனது, நடுவில் அவள் பெயர். முதலாளியின் வக்கீல் பெரிய ஆள். என்னை உட்காரவைத்துச் சொன்னார். “அந்தப் பொண்ணு தானா மாத்துச்சா, நீங்க சொல்லி மாத்துச்சா? தானா மாத்துச்சுன்னா உங்க மேல ஒண்ணும் இல்லை. நீங்க சொல்லித்தான்னு அது வாயைத் திறந்தா, ரெண்டு உயிரு, நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

நான் என்ன சொல்வது? அவள் பெயர்தான் இருக்கிறது என்றேன். அது உண்மைதானே. இருப்பதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. சின்னப் பெண், முதல் வேலை, அனுபவம் இல்லை, கோர்ட்டே இரங்கும். வக்கீலும் அப்படித்தான் சொன்னார், கொஞ்சம் அலைச்சல் இருக்கும், அவ்வளவுதான் என்று. எனக்கு ஐம்பத்தேழு. நான் உள்ளே போனால் வெளியே வந்து என்ன செய்வேன்? அவளுக்கு இன்னும் வாழ்க்கை கிடக்கிறது. அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்ததாம், போலீஸ் வீட்டுக்கு வந்தது தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்களாம். ஆபீஸ் பையன்கள் பேசிக்கொண்டார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அப்படிப்பட்ட இடம் போனதே நல்லது என்று நேரில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நடந்த மறுநாளே அவள் ஊருக்குப் போய்விட்டாள். அவள் மேஜையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு ஸ்வெட்டரும் அப்படியே கிடக்கின்றன. ஏசி ஒத்துக்கொள்ளாது அவளுக்கு. ஸ்வெட்டரையும் கொண்டுவந்திருக்கிறேன், ஆப்பிளுக்குக் கீழே இருக்கிறது.

போன பிறகு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள். இருங்கள், காட்டுகிறேன். போன் போடவில்லை, மெசேஜ்தான் காட்டுகிறேன். இதோ பாருங்கள். ‘துக்கிஷ்யாம் நாயக்’. அவ்வளவுதான். மேலே ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ அவளோடு படித்த பையன், வேலைக்குச் சிபாரிசு கேட்கிறாள்போல என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விசாரணைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தது. அதில் இறந்தவர்கள் பெயர் போட்டிருந்தது, இரண்டாவது பெயர் இது. அந்த வடக்கத்தி ஆள். அவர் பெயரை எனக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? நான் ‘சரிம்மா’ என்று பதில் போட்டேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து நானும் கூப்பிடுகிறேன். கோபமாகக் கூப்பிடவில்லை. இரண்டு தடவை குரல் பதிவுகூட அனுப்பினேன். செண்பகா, உனக்கு நான் கெடுதல் நினைப்பேனா, திங்கட்கிழமை கேட்டால் நினைவில்லை என்று சொல், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாதே என்று. கேட்டிருக்கிறாள். கேட்டதற்கு நீலக்கோடு வந்திருக்கிறது. கேட்டுவிட்டு, மாட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பவில்லை. அவள் பேச வேண்டிய இடத்தில் பேசுகிற பெண், இரண்டு நாள் எனக்கு முன்னால் எப்படிச் சிவப்பை வைத்துக்கொண்டிருந்தாள் என்று பார்த்தவன் நான். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. அப்படியானால்? ஒத்துக்கொண்டாள் என்றுதானே. நேரில் போவது ஒரு மரியாதைக்கு.

சாத்தூர் தாண்டியாயிற்று. இனி எழுந்து பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொள்ளுங்கள். பை கனம். ஒரு நிமிஷம், ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன். வீட்டு வழி கேட்க வேண்டும். போட மாட்டேன் என்று சொன்னேன்தான். ஊர் வந்துவிட்டதே.

போகிறது. கேட்கிறதா உங்களுக்கு? ரிங் போகிறது. கட் செய்யவில்லை பாருங்கள். வேண்டாம் என்றால் நம்பரையே தடுத்து வைத்திருப்பாள், அது அவளுக்குத் தெரியாதா. போகிறது. போகிறது.

நின்றுவிட்டது. பரவாயில்லை.

தாராபுரத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். மற்றவர்களிடம் சொன்னால் நடுவிலேயே, ஆனால் மூர்த்தி, ஆனால் மூர்த்தி என்று தொடங்கிவிடுவார்கள். நீங்கள் அப்படி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள், வெயில் அடிக்கிறது, தெரிகிறது. நான் செய்ததில் தவறு இருக்கிறது என்று தோன்றியிருந்தால் இவ்வளவு நேரத்தில் சொல்லியிருப்பீர்கள்.

சொல்லவில்லை. சரி என்றே எடுத்துக்கொள்கிறேன். வழி விடுங்கள், இறங்குகிறேன்.